துக்க வீட்டில் நான் குடித்த தண்ணீர்

நம் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பாதிரியார் சின்ன ஐயர் போன வாரம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தோட்டங்களுக்குப் போகிற புது உபதேசிமார் கையில் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கப் போகிறாராம். சாவு வீட்டுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும், துக்கப்படுகிறவர்களை எப்படித் தேற்ற வேண்டும் என்று அதில் இருக்குமாம். இருபத்தாறு வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் என் அனுபவத்தை எழுதி அனுப்பச் சொல்கிறார். நேரில் வந்து பேசச் சொல்லவில்லை. அது அவருடைய நல்ல குணம். எனக்குப் பேச்சு வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பிறவி ஊமை அல்ல நான். தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. இப்போது மிச்சமிருப்பது காய்ந்த ரப்பர் இலையை மிதித்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம். உபதேசியார் ஓய்வு பெறவில்லை, கேட்டுக்கொண்டிருந்த நாங்கள்தான் ஓய்வு பெற்றோம் என்று தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அதில் பொய்யில்லை.

ஆகவே எழுதுகிறேன். ஆனால் அச்சுத் தாளுக்கு இது உதவுமா என்று தெரியவில்லை. தேற்றுவதில் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தவன் நான். அதற்காகக் குடைகூடப் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தக் குடை எப்படிக் கிடைத்தது என்பதைச் சொன்னால் மற்றதெல்லாம் அதில் வந்துவிடும்.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, கணக்கப்பிள்ளை வேலை கிடைக்கும் என்று நம்பி இலங்கைக்குக் கப்பலேறினேன். தோட்டத்துத் துரை ஒரு கணக்குத் தாளைக் கொடுத்துக் கூட்டச் சொன்னார். நான் கூட்டினதைப் பார்த்துவிட்டு, இவனுக்கு வாசிக்கத் தெரிகிறது, மிஷனுக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். மிஷனில் எட்டு மாதம் படிப்பு. பிரசங்கத்தை மூன்று தலைப்பாகப் பிரிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். என் பிரசங்கத்தில் இரண்டாம் தலைப்பு முடிவதற்குள் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் எல்லாம் தூங்கிவிடும். தாய்மார் அதற்காகவே என்னை மெச்சினார்கள். படிப்பு முடிந்ததும் எஹலியகொடைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். ஏழு தோட்டம். நடந்தே போக வேண்டும். மழையும் அட்டையும் துணைக்கு வரும்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய ஐயர். யாழ்ப்பாணத்துக்காரர். முழங்கால் வரைக்கும் சேறும், கணுக்காலில் அட்டைக்கடி ரத்தமுமாக நாங்கள் வந்து நிற்போம். அவர் மட்டும் வெள்ளை ட்ரில் கோட்டில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் நிற்பார். அட்டைகூட அவரிடம் உத்தரவு கேட்டுத்தான் ஏறும் என்று நாங்கள் சிரிப்பதுண்டு. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். பென்சிலை நாக்கில் தொட்டுத்தான் எழுதுவார். யாராவது எதிரில் அழ ஆரம்பித்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்குவார். வட்டம் வட்டமாக, நிதானமாக, அந்த அழுகை ஓயும்வரை துடைப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பவர் முகம் தெரியாது. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆரம்பத்தில் ஒரு சாவு வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து நானும் அழுதுவிட்டேன். ஐயர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"உபதேசியார், நீர் ஏன் அழுதனீர்?"

"தாங்க முடியலீங்க ஐயா."

"நீரும் அழுதா ஆர் அவையைத் தேற்றுறது? நம்பிக்கை இல்லாத ஆக்கள்தான் கத்தி அழுவினம். எங்கட ஆக்களுக்குப் பரலோகம் இருக்கு. விளங்குதோ?"

விளங்கியது என்று சொன்னேன். அந்த வயதில் எனக்கு விளங்காத விஷயமே கிடையாது.

அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். துக்க வீட்டுக்குப் போனால் குடையை வாசலுக்கு வலப்பக்கம் சாத்திவிட்டு உள்ளே போக வேண்டும். எப்படிச் செத்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள், சொன்னால் அழுகை வரும். பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டால் ஒப்பாரி வரப்போகிறது என்று அர்த்தம். அந்த வட்டத்தை உடனே உடைக்க வேண்டும். உடைந்ததும் பாட்டு. அதையும் சுருக்காகப் பாட வேண்டும். மெதுவாகப் பாடினால் நம்முடைய ஜனங்கள் எந்த ராகத்தையும் ஒப்பாரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்புறம் வேதவாசிப்பு, ஜெபம். கடைசியாகப் பெட்டியை மூடும் முன், செத்தவருக்கு நெருங்கினவரைப் பார்த்து, "கர்த்தருடைய சித்தத்துக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். அவர் "சம்மதம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஆணி.

இதில் வட்டத்தை உடைப்பதுதான் கஷ்டம். அதட்டினால் பெண்கள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வட்டம் கூடினதும், "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்பேன். நம்முடைய ஜனங்கள் வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் கேட்டால், பிணம் கிடந்தாலும் எழுந்து கொடுப்பார்கள். ஒருத்தி எழுந்தால் வட்டத்தில் ஒரு வாசல் விழும். அந்த இடைவெளியில் நான் பாட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்துவிடுவேன். பெரிய ஐயருக்கு இந்த வழி ரொம்பப் பிடித்துவிட்டது. மற்ற உபதேசிமாருக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த நாளில் சாவு வீடுகளில் என்னளவு தண்ணீர் குடித்தவன் சப்ரகமுவ மாகாணத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

எங்கள் ஏழு தோட்டத்திலும் ஒப்பாரிக்கு ஒரே ஆள் செவத்தி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண். யார் லயத்தில் சாவு விழுந்தாலும், பெரிய கங்காணி வீடானாலும், அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் முதன்முதலில் அழுதேன் என்றேனே, அது அவளைக் கேட்டுத்தான். செத்தது ஒரு கிழவர். அவர் துரைக்குத் தெரியாமல் சுருட்டை எந்தக் கூரை இடுக்கில் ஒளித்து வைப்பார் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இனி அந்தக் கூரை இடுக்கில் கைவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான். மூன்று தலைப்பில் நான் செய்ய முடியாததை அவள் ஒரு மூச்சில் செய்துவிட்டாள்.

அவள் புருஷன் குடிகாரன். ஜெபக்கூட்டத்துக்கு வர ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் குடியை விட்டான். அதைப் பார்த்து அவளும் வந்தாள். மனம் திரும்ப வைத்தது என் பிரசங்கமா என்று ஒரு நாள் ஆசையாகக் கேட்டேன். "இல்லீங்க ஐயா. நீங்க பேசுறப்ப அவரு நல்லாத் தூங்குவாரு. அந்த நேரத்துல கடைக்குப் போக மாட்டாரு. அப்படியே விட்டுப்போச்சு," என்றாள்.

ஞானஸ்நானத்தில் அவன் யோசேப்பு ஆனான், அவள் எஸ்தர். அவர்களுடைய ஒரே மகள் சாராள். அன்றைக்குப் பெரிய ஐயர் எஸ்தரைத் தனியாக நிறுத்தினார்.

"இனிமேல் ஒரு சாவு வீட்டிலையும் ஒப்பாரி வைக்கிறதில்லையெண்டு சபைக்கு முன்னால சொல்லும்."

அவள் கேட்டாள்: "ஐயா, ஆண்டவர் இருக்கிற எடத்துல யாரும் அழ மாட்டாங்களா?"

"அங்க கண்ணீர் இல்லை."

"அங்க இல்ல, சரிங்க. நான் இங்கதான் கேக்குறேன்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "சரிங்க," என்று வாக்குக் கொடுத்தாள். அதன் பிறகு எந்தச் சாவுக்கும் போகவில்லை. கூப்பிட வந்தவர்கள் என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். சாராளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு வயசு. எஸ்தர் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தாள். மூன்றாம் நாளும் பேர் கொடுக்காவிட்டால் சரிப்படாது என்று கங்காணி சொல்லி அனுப்பியிருக்கிறான். விடியக்காலம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், பேர் கொடுத்துவிட்டு, கெஞ்சி உத்தரவு வாங்கித் திரும்பி ஓடி வந்திருக்கிறாள். அதற்குள் பிள்ளை போய்விட்டது.

அன்றைக்கென்று பெரிய ஐயர் தோட்டத்துக்கு வருகிற நாள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். குடையை வலப்பக்கம் சாத்தினேன். சுற்று லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், கிறிஸ்தவர்களும் மற்றவர்களும். இத்தனை வருஷம் தங்கள் சாவுக்கெல்லாம் பாடினவளுக்கு இன்றைக்குத் தாங்கள் தோள் கொடுக்க வேண்டும் என்று வந்திருந்தார்கள். அவளை நடுவில் வைத்து உட்கார்ந்து கை போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு வட்டத்தை நான் பார்த்ததில்லை. அந்த ஒற்றை அறைக் காம்பராவில் காற்றுப் போக இடமில்லை.

எஸ்தர் பிள்ளையின் தலையைத் தடவினாள். தலை எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது. பிறகு வாயைத் திறந்தாள்.

"பீலித் தண்ணி புடிச்சு வச்சேன்,
பின்னித் தலை வாரி வச்சேன்..."

இரண்டே அடி. பக்கத்தில் பெரிய ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே, கண்ணாடி இல்லாத முகத்தை என் பக்கம் திருப்பினார். அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. ஆனால் எனக்கு அவர் முகம் தெரிந்தது.

நான் சொன்னேன்: "எஸ்தர், தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடு."

வட்டத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். யாரையாவது கேட்டிருக்கலாம். அவள் பேர்தான் வாயில் வந்தது. அவள்தான் வீட்டுக்காரி, பழக்கம் அப்படி. எஸ்தர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஆள் நிஜமாகவே தண்ணீர் கேட்கிறானா என்று பார்க்கிற பார்வை. அப்புறம் தோள்மேல் இருந்த கைகளை எடுத்துவிட்டு எழுந்தாள். மூலையில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. செம்பில் மொண்டு, இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் குடித்தேன். எனக்குத் தாகமே இல்லை. முழுச் செம்பையும் குடித்தேன்.

அவள் திரும்புவதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். நான் பாட்டை எடுத்தேன், சுருக்காக. பெட்டி மூடும் முன் பெரிய ஐயரே கேட்டார். "சம்மதம்," என்றாள் எஸ்தர். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஐயர் பென்சிலை நாக்கில் தொட்டு நோட்டில் எழுதினார்.

அடுத்த மாதம் மிஷன் பத்திரிகையில் ஐயர் எழுதின கட்டுரை வந்தது. கண்ணீர் சிந்தாத தாய் என்று போட்டிருந்தார்கள். வருஷக்கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு குடை கொடுத்தார்கள். கறுப்புப் பட்டு, வளைந்த பிடி, பிடியில் வெள்ளித் தகட்டில் என் பேர். நான் அதைச் சபையாருக்கு விரித்துக் காட்டப் போய், கம்பி முன்னால் இருந்தவர் தலைப்பாகையில் மாட்டி, அது என் குடையோடு மேலே போய்விட்டது. கூட்டத்தில் ஜனங்கள் ரசித்தது அது ஒன்றைத்தான்.

என் மனைவி ரூத்திடம் முழுக் கதையையும் பெருமையாகச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையப் பறிகுடுத்தவகிட்ட தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சீங்களா?"

"அது ஒரு முறை, ரூத்."

"எங்கயாச்சும் ஆம்பளைங்க சேந்து செஞ்ச மொறையாத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு தினமும் வேலை விடுகிற நேரத்தில் அவள் எஸ்தர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். என்ன பேசுவீர்கள் என்று கேட்டால், "பேசுறதா? தலை வாரி விடுறேன்," என்பாள்.

பேச்சுக்கு வழியில்லை. எஸ்தர் பேசுவதை விட்டுவிட்டாள். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் கை தூக்குவாள். மரத்தில் பால் வெட்டுவாள், பாலைக் கொண்டுபோய் ஊற்றுவாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவாள். பாட்டில் வாய் அசையாது. நான் பிரசங்கம் பண்ணும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூங்காமல் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அது எனக்குத் தண்டனையாக இருந்தது.

ஒரு நாள் யோசேப்பு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஐயா, அவள அழ வைங்க."

"நானா?"

"நீங்கதானங்க நிறுத்துனீங்க. ராவுல எந்திரிச்சு உக்காந்துக்கிறா. நான் பழையபடி குடிச்சாலாவது திட்டுவாளான்னு கடை வாசல் வரைக்கும் போய்ட்டேன். ஆண்டவருக்குப் பயந்து திரும்பி வந்தேன்."

அழுகையை நிறுத்துவதற்குத்தான் எனக்குப் படிப்பு. வர வைப்பதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் வாழ்க்கையிலேயே சோகமான ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். ஆண்டவரே ஒரு கல்லறை முன்னால் நின்று அழுதவர் என்று சொல்லிக் குரலைத் தழுதழுக்க விட்டேன். அந்த நேரத்தில் என் வேட்டிக்குள் ஒரு அட்டை ஏறிவிட்டது. துக்கம் பொங்குகிற இடத்தில் நான் ஒரு காலைத் தூக்கி உதறினேன். சபை முழுக்கச் சிரித்தது. எஸ்தர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

எஹலியகொடைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா எனக்குச் சிநேகம். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் துணியைச் சுருட்டி வைத்துவிட்டுக் கேட்டார். "எங்கட மவுத்து ஊட்டுலயும் கத்தி ஒப்பாரி வைக்க வாணாம்னு தான் செல்ற. ஆனா கண்ணுல தண்ணி வந்தா யாரும் வந்து அடைக்க மாட்டாங்க. நீங்க எதை அடைச்சீங்க, உபதேசியாரே?"

"ரெண்டையும்தான், நானா."

"அப்ப தொறக்கவும் நீங்கதான் போகணும். என்னத்த செல்லித் தொறக்கப் போறீங்க?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஐயருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அதையும் கேட்கவில்லை. புதுக் குடையை விரித்துக்கொண்டு அவள் லயத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து ரூத் போய்விட்டாள். நாலு நாள் வயிற்றுப்போக்கு. இதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

பெரிய ஐயர் வந்தார். குடையை வாசலுக்கு வலப்பக்கம் சாத்தினார். எப்படிச் செத்தது என்று கேட்கவில்லை. பாட்டு, வாசிப்பு, ஜெபம். ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்காரன் தன் சமையலையே சாப்பிட்ட கதைதான். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இதையா இத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரிமாறினேன் என்று நினைத்தேன்.

பெட்டியை மூடப் போகிற நேரம். வாசலில் எஸ்தர் வந்து நின்றாள். பால் வெட்டும் கத்திகூட இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, ரூத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, அம்மாவுக்குப் பாடவா?"

அத்தனை வருஷத்தில் அவள் முழுசாகப் பேசின முதல் பேச்சு அது. கொடுத்த வாக்கை அதுவரை காப்பாற்றிக்கொண்டு, என்னிடம் உத்தரவு கேட்கிறாள். பெரிய ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். பாடு என்ற ஒரு சொல் போதும். எனக்கும் அவளுக்கும் அன்றைக்கே விடுதலை கிடைத்திருக்கும். என் வேலை, என் பேர், என் வெள்ளித் தகடு எல்லாம் நினைவுக்கு வந்தன.

"வேணாம் எஸ்தர்," என்றேன்.

அவள் ரூத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, தூக்குகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். "சம்மதமோ, உபதேசியார்?" என்று ஐயர் கேட்டார். "சம்மதம்," என்றேன், எல்லாருக்கும் கேட்க.

குழி மூடும்போது மழை பிடித்தது. என் குடை வீட்டில் இருந்தது. ஐயர் தன் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தார். அந்த வெள்ளை ட்ரில் கோட்டு நனைந்து உடம்போடு ஒட்டியது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர், அன்றைக்கு மட்டும் அவர் அதைக் கழற்றித் துடைக்கவில்லை. அவர் எனக்குக் கொடுத்த ஆறுதல் அது ஒன்றுதான். அது அவர் சொல்லிக் கொடுத்த முறையில் இல்லை. அதை நான் அவருக்குச் சொல்லவும் இல்லை. அடுத்த வருஷம் அவர் யாழ்ப்பாணத்துக்கே மாறிப் போனார்.

அப்புறம்தான் தொண்டை. குரல் போன உபதேசியை வைத்து மிஷன் என்ன செய்யும்? ஓய்வு கொடுத்தார்கள். பேச முடியாவிட்டாலும் கால் பழகின பழக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்விடுவேன். மூலையில் உட்காருவேன். தண்ணீர் கேட்கவும் குரல் இல்லை. அதிசயம் என்னவென்றால், ஜனங்கள் முன்னைவிட அதிகமாக என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்வார்கள். எப்படிச் செத்தது என்று நான் கேட்காமலே சொல்வார்கள்.

போன மாரியில் யோசேப்பு இறந்தான். எஸ்தர் ஆள் அனுப்பியிருந்தாள். வந்தவன் அவள் சொன்னதை அப்படியே சொன்னான்: "உபதேசியாருக்கு இப்ப பேச வராதாமே. அப்ப வரச் சொல்லு."

போனேன். அதே காம்பரா, அதே மூலை, அதே இடத்தில் குடம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க ஐயா. வேணும்னா இப்பவே குடிச்சிருங்க. நான் ஆரம்பிச்சா எந்திரிக்க மாட்டேன்."

வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள். தோள்களில் கை விழுந்தது. முதலில் யோசேப்பு. நான் பிரசங்கம் பண்ணும்போது அவன் விட்ட குறட்டையைப் பாடினாள். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் ஆண்டவரைக் கூப்பிட்டாள். பக்கத்து லயத்து ஆளைக் கேட்கிற மாதிரி நேருக்கு நேர் கேட்டாள்.

"சிலுவையடியில ஒங்க ஆத்தா
சேலை நனைய அழுதாளே,
சும்மா இருன்னு சொல்ல அங்க
சொல்லுக்கொரு உபதேசி இல்லையே, சாமி."

அழுகைக்கு நடுவிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மூச்சு விட்டாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"பீலித் தண்ணி புடிச்சு வச்சேன்,
பின்னித் தலை வாரி வச்சேன்,
பெரட்டு சொல்லி வருமுன்னே
பேச்சடங்கிப் போனியேடி,
பெத்தவ நான் போகலாமா,
பேரு குடுக்கப் போகலாமா."

இந்தப் பின்னடிக்காகத்தான் அவள் அன்றைக்கு வாய் திறந்திருக்கிறாள். பிள்ளையை விட்டுவிட்டுப் பேர் கொடுக்கப் போனேனே என்று சபைக்கும் சாமிக்கும் முன்னால் சொல்லி அழ வந்தவளை, நான் எழுப்பித் தண்ணீர் மொள்ள அனுப்பியிருக்கிறேன். அதுவும் எந்தத் தண்ணீர்? காய்ச்சல்காரப் பிள்ளை விழித்தால் கேட்கும் என்று விடியும் முன் மலை ஊற்றுப் பீலியில் பிடித்து வைத்துவிட்டுப் போன தண்ணீர். பிள்ளை குடிக்காமல் போனதை நான் குடித்திருக்கிறேன், தாகமில்லாமல், ஒரு செம்பு முழுக்க.

அழுதேன். சத்தம் வராத தொண்டையால் அழுகிறவனைப் பார்க்கச் சகிக்காது. அவள் பார்த்தாள், நிறுத்தவில்லை. கடைசியாக ரூத்துக்கும் பாடினாள். வேலை விட்டு வந்ததும் தலை வாரிவிட்ட கையைப் பாடினாள். என் மனைவிக்கு விழ வேண்டிய அழுகை இத்தனை வருஷம் கழித்து, இன்னொருவன் சாவில், அவள் வாயால் விழுந்தது. என் நெஞ்சில் கல்லாக இருந்த ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் கரைந்தது. அதைச் செய்தவர் ஆண்டவர் என்று நான் நம்புகிறேன். என்னை வைத்துச் செய்யவில்லை என்பதும் தெரியும்.

பெட்டி மூடும் நேரம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எஸ்தர் யோசேப்பின் முகத்தைத் துடைத்துவிட்டு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "சம்மதம் சாமி," என்றாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். செம்பு நிறைந்தபடியே இருந்தது.

"குடிக்கலியா?"

தலையை ஆட்டினேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். காய்ந்த இலைச் சத்தம்தான் வந்தது.

"கெடக்கட்டும் ஐயா, பேசாதீங்க. பேசாம இருக்கிறப்பத்தான் நல்லா இருக்கீங்க," என்றாள். மன்னித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செம்பை எடுத்து, அண்ணாந்து, முழுத் தண்ணீரையும் அவளே குடித்தாள்.

சின்ன ஐயர் அவர்களுக்கு: தாளில் என்ன அச்சடிப்பது என்பது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் ஒரு வரி போதும். துக்க வீட்டுக்குப் போகிற உபதேசிமாரை, தங்கள் வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.